நான் ஜிங்க் கட்டி இல்லை

தம்பி,

நேற்று மாலை நீ மும்பையிலிருந்து பேசியபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்குப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே "சரி, சரி" என்றேன். அந்தச் சரி உனக்குச் சொன்னதில்லை, பச்சை நிறமே போதும் என்று அவர் சொன்னதற்கு. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனை வைத்திருப்பாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடியாது. கலைச்செல்வியை வேலையை விடச் சொல்லி நான் பேசமாட்டேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கடைசியில் லைன் சரியில்லை என்று இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி. படித்ததும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டாம். உன் சிநேகிதர்களும் படிக்கட்டும், அவர்களுக்கும் கல்யாண வயதுதான். நம்மைத் தெரியாதவர்கள் கையிலும் இது போகலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். கல்யாணம் முடிந்த கையோடு உன் கம்பெனி உன்னை மஸ்கட்டுக்கு அனுப்புகிறது. எண்ணெய்க் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, நல்ல வேலை. கலைச்செல்வி இங்கே காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் மணலிலும் தண்ணீரிலும் எவ்வளவு உப்பு இருக்கிறது, அதில் கான்கிரீட் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி தாங்குமா என்று சோதித்துச் சொல்லும் வேலை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எழும்பிய வீடுகளில் எத்தனையோ வீட்டு மணல் அவள் கைக்கு வந்துதான் போயிருக்கிறது. இத்தனை வருஷமாகத் தற்காலிகமாக இருந்தவளை இப்போதுதான் நிரந்தரமாக்கினார்கள். அந்த வேலையைக் கல்யாணத்துக்கு முன்னால் ராஜினாமா செய்துவிட வேண்டும் என்கிறாய். யோசிக்க வேண்டும் என்றிருக்கிறாள் அவள். உடனே உனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. "நீ போயி சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா. ஒங்கதையச் சொல்லு. நீ எல்லாத்தயும் எப்புடி விட்டுக் குடுத்தேன்னு சொல்லு, அழுதுருவா" என்றாய். என் கதை யாரையும் அழவைத்து வேலையைப் பிடுங்குவதற்காக நான் வாழ்ந்ததில்லை. அதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நிச்சயதார்த்தத்தன்றே எனக்கு இது தொண்டையில் முள்ளாக நின்றது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் மைக்கை வாங்கி, "எங்க அம்மா ஒரு துத்தநாகம். எங்க வீடு துருப்பிடிக்காம இருக்கணும்னு அவங்க கரைஞ்சாங்க" என்றாய். கைதட்டினார்கள். உன் சித்தி என் விலாவில் இடித்து, "என்னக்கா, ஒம்மவன் மைக்குல ஒன்னய நாகம்ங்குறான்? மருமவ சொல்ல வேண்டியத மவனே சொல்லிப்புட்டானே" என்றாள். நான் சிரித்துவிட்டேன், ஆனால் சித்தி கேட்டதுதான் சரியான கேள்வி என்று பட்டது. அப்புறம் பந்தியில் நான் உனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே கலைச்செல்வி பக்கம் குனிந்து, "ஒருத்தர் கரைஞ்சாத்தான் இன்னொருத்தர் நிக்க முடியும், எங்க அம்மாவப் பாரு" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். பாயசம் வரும் நேரத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் வேண்டாம் என்று விட்டேன். இப்போது பாயசமும் இல்லை, சம்பந்தி வீட்டாரும் இல்லை.

என்னைப் புகழ்ந்து பேசச் சொல்லி யாரும் உன்னைக் கேட்காதபோது நீ என்னை எதற்கு ஜிங்க் கட்டியாக்கினாய் என்று தெரியும். அந்த உவமை என்னுடையது. அதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்பதும் தெரியும், எதை விட்டுவிட்டு எடுத்தாய் என்பதும் தெரியும். அதனால் முதலில் அந்த இடத்துக்கே போவோம்.

உன் அப்பா நெஞ்சுவலியில் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அவர் விட்டுப்போனது அரசலாற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கடைதான். கயிறு, பெயிண்ட், போல்ட் நட்டு, சுக்கானுக்கு வேண்டிய சாமான், ஜிங்க் கட்டி. படகுக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். காரியம் முடிந்து நான் கடையைத் திறந்தபோது உன் பெரியப்பா வந்து, கடையை வாடகைக்கு விட்டுவிடு, கடலுக்குப் போகிறவர்கள் காலையில் தாலியறுத்தவள் முகத்தில் விழிக்கமாட்டார்கள் என்றார். அவர் சொன்னது ஒன்றும் இட்டுக்கட்டியதில்லை. கொஞ்ச காலம் அப்படித்தான் நடந்தது. சுற்றிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். சிலர் வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் ஆம்பள இருந்தா எடுத்துத் தரச் சொல்லுங்க" என்பார்கள். நான் கல்லாவை விட்டு நகரவில்லை. "சாமான் வேணும்னா என் கையால வாங்கிட்டுப் போங்க, இல்லாட்டி நாகூருக்குப் போயி வாங்கிக்கிங்க" என்பேன். மீனவர் ஊரான பட்டினச்சேரியில் பிறந்தவளுக்குக் கரைக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த தெருக் கடையில் எல்லாச் சாமானும் கிடைக்காது, அவசரத்துக்கு நாகூர் போய்வர யாராலும் முடியாது, ஒவ்வொருவராக வந்தார்கள். வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக நான் உட்கார்ந்திருந்ததை அவர்கள் பார்த்துப் பழகினார்கள்.

சுனாமிக்குப் பிறகு மரப்படகுகளின் நடுவே இரும்புப் படகுகள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கின இல்லையா, அப்போதுதான் ஜிங்க் கட்டி வியாபாரம் சூடு பிடித்தது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். இரும்பைவிடச் சுலபமாகக் கரையக்கூடிய துத்தநாகத்தை, அதாவது ஜிங்க்கை, ஒரு கட்டியாக வார்த்துப் படகின் அடியில் இரும்போடு இரும்பாகப் பூட்டிவிட்டால் கடல் முதலில் அதைக் கரைக்கும். கட்டி இருக்கிற வரைக்கும் இரும்பு தப்பிக்கும். ஆனால் கட்டி தண்ணீரைத் தொட வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் அது சும்மா தொங்கும், கடல் நேராக இரும்பில் வாயை வைக்கும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்து, பூசை போட்டு இறக்கும்போது, எல்லாம் பளபளவென்று இருக்கையில் இந்த ஒரு கட்டி மட்டும் சாம்பல் நிறத்தில் வெறுமனே இருப்பது கண்ணுக்குப் பொறுக்காமல் அதற்கும் சேர்த்து நீலம் அடித்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வேறெந்தக் கரையில் இப்படி நடக்கும் என்று தெரியவில்லை, நம் கரையில் நடந்தது.

நீ இன்ஜினியரிங் லீவில் வந்திருந்தாய். நம் வாடிக்கைக்காரர் செல்வமணியின் இரும்புப் படகு இறங்கும் நாள். ஐயர் இன்னும் வரவில்லை, சூடம் தேங்காய் எல்லாம் தயாராக இருந்தது. நீ சுரண்டியை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் புகுந்து கட்டியின் மேலிருந்த நீலத்தையும் குங்குமத்தையும் வழித்தெறிந்துவிட்டாய். செல்வமணி கடைக்கே ஓடிவந்தார். "அக்கா, ஒங்க மவன் பண்ணுன வேலயப் பாத்தீங்களா? பூச போடப்போற நேரத்துல படக மூளியாக்கிப்புட்டான்!" என்றார். மூளி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்ததும் அவருக்கே பகீரென்றது. நகையில்லாத காதை மூளிக்காது என்போம், ஓரம் உடைந்த பானையை மூளிப்பானை என்போம், பொட்டில்லாத பெண்ணையும் அதே வார்த்தையால்தான் சொல்லுவோம். கடையில் நின்றவர்கள் எல்லாரும் கயிற்றுச் சுருளைப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று தெரியாது. "மூளியா இருந்தாத்தான் செல்வமணி அது வேல செய்யும். பூசி மொழுவி வச்சா சும்மா தொங்கும். என்னயப் பாருங்க, மூளியாத்தான் ஒக்காந்துருக்கேன், கட ஓடலயா?" என்றேன். முதலில் செல்வமணிதான் சிரித்தார். அப்புறம் போய் மற்ற கட்டிகளையும் அவரே சுரண்டினார். நீ கடை வாசலில் கையெல்லாம் நீலத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அங்கிருந்துதான் நீ எடுத்தாய். ஆனால் பார், நான் சொன்னது மூளியாக இருப்பதைப் பற்றி. பூச்சு இல்லாமல், யாருக்காகவும் அழகு பண்ணிக்கொள்ளாமல், இருக்கிறபடி இருந்தால்தான் வேலை நடக்கும் என்றேன். கரைவதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பாதியை நீயாகச் சேர்த்துக்கொண்டாய். சேர்த்துக்கொண்டு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மண்டபத்தில் தூக்கிக் காட்டிவிட்டாய்.

அடுத்த தடைக்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நன்றாக இருக்கிறது. அதே செல்வமணி, காகிதம் மாதிரி மெலிந்துபோன ஒரு துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "அக்கா, என்னா ஒழைப்பு ஒழைச்சிருக்கு பாருங்க. ஒரே வருசத்துல மொத்தமும் கரைஞ்சிருச்சு. நல்ல சாதிக் கட்டி. இதே மாதிரி, இதவிடப் பெருசா குடுங்க" என்றார். நான் எடுக்கப் போனேன். நீதான், "விக்காதம்மா" என்றாய். நேராகப் போய் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தாய். சுக்கான் பக்கத்தில் புதிதாக ஒரு எவர்சில்வர் பட்டையை இரும்போடு நேராகப் பூட்டியிருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. பாட்டரி வயர் ஒன்று உரிந்து படகின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கயிறு உரசும் இடத்திலெல்லாம் பெயிண்ட் போய் இரும்பு பல்லைக் காட்டியது. சட்டையெல்லாம் சேறாக வெளியே வந்து நீ செல்வமணியிடம் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, கட்டி சீக்கிரம் கரையிறது கட்டியோட பெரும இல்ல. படகுல எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம். தப்ப அப்புடியே விட்டுட்டுப் பெரிய கட்டியா மாட்டுனா கடலுக்குத்தான் தீனி." அப்புறம் அந்தப் பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வைத்தீர்கள், வயரைச் சரி செய்தீர்கள், துருவைச் சுத்தமாகச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தீர்கள். பழைய அளவுக் கட்டியையே மாட்டினீர்கள், அடுத்த வருஷம் அதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அன்று உன் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டுமே என்று நான் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போய் அழுதேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்தப் பையன் எங்கே போனான்? படகுக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியவில்லையா? அம்மா கரைந்தாள் என்று மைக்கில் சொல்லத் தெரிந்தவனுக்கு, ஏன் கரைந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லையே. உன் தொழிலில் முதல் கேள்வியே அதுதானே. குழாய் ஓட்டையானால் குழாயைப் பாராட்டிவிட்டா வருவாய்? எங்கே தண்ணீர் தேங்கியது, எதோடு எதைச் சேர்த்துப் பூட்டினார்கள், யார் சுரண்டாமல் பெயிண்ட் அடித்தார்கள் என்று கேட்பாய் அல்லவா. அதை என் விஷயத்திலும் கேள். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள், உன் நிச்சயதார்த்தப் பேச்சிலும் அது வரவில்லை. நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உத்தரவு வந்தது. குடுவைகளைக் கழுவி அடுக்கி, பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டும் வேலை. எனக்கு அதைவிட வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. உன் பெரியப்பா, "நம்ம வூட்டுப் பொம்பள சம்பளத்துக்குப் போவணுமா?" என்றார். உன் அப்பா ஒன்றும் கத்தவில்லை. "கொஞ்ச நாள் போவட்டுமே" என்றார், அவ்வளவுதான். சேர வேண்டிய தேதி போய்விட்டது, கொஞ்ச நாள் மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. நான் விட்டுக் கொடுத்தேன் என்று நீ சொல்கிறாய். விட்டுக் கொடுப்பதற்கு முதலில் அது என் கையில் இருக்க வேண்டும். என் கையில் வைத்துக்கொள்ளவே விடவில்லை. அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்காதே, பிடுங்கியது என்று வை. உன் அப்பா போன பிறகு அதே பெரியப்பா என்னைப் பார்த்து, சம்பாத்தியம் இல்லாத பொம்பளை என்ன செய்வாள் என்று ஊரெல்லாம் பரிதாபப்பட்டாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. உன் அப்பாவை எனக்கு அன்றும் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக நடந்ததை மாற்றிச் சொல்லமாட்டேன்.

இன்னும் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு வந்து சமைப்பது நான், தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது நான், உன் பாட்டன் மருந்தைப் பார்ப்பது நான். வீட்டில் கை கால் நன்றாக இருந்த ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீயும்தான். உன்னைக் குறை சொல்லவில்லை என்று எழுத வந்தேன், அது பொய், குறைதான் சொல்கிறேன். நீ தின்ற தட்டை நீ கழுவியிருந்தால் என் முழங்கால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். இதெல்லாம் யாரோ செய்த பெரிய கொடுமை இல்லை. படகு தப்பாகப் பூட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதைச் சரி செய்யாமல், என்ன உழைப்பு உழைத்திருக்கிறது பாருங்கள் என்று கையில் ஏந்திக் காட்டுகிறாயே, செல்வமணிக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது அப்புறம் திருந்திவிட்டார்.

இன்னொன்று. உன் கதையில் நான் பட்டினி கிடக்கிறேன், கிழிந்த சேலை கட்டுகிறேன், அழுதுகொண்டே கடையைத் திறக்கிறேன். இதையெல்லாம் நீ எந்தப் படத்தில் பார்த்தாய்? மத்தி வாங்கினால் உனக்கு வைத்த அளவு எனக்கும் வைத்துக்கொண்டேன். கடை எனக்குப் பிடித்திருந்தது. புதுக் கயிற்றின் வாசனை பிடிக்கும், படகுக்காரர்களோடு வாயாடுவது பிடிக்கும், உப்பு எந்த இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்க்கப் பிடிக்கும். பள்ளிக்கூட ஆய்வகம் போனாலும் இந்தக் கரையே எனக்கு ஆய்வகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். நீ படித்து வேலைக்குப் போன பிறகும் கடையை மூடாமல் இருக்கிறேனே, எதற்காக என்று நினைத்தாய்? நான் கரைந்துபோகவில்லை தம்பி. வந்து எடை போட்டுப் பார், போன வருஷத்தைவிடக் கூடித்தான் இருக்கிறேன்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். நீயும் அவளும் இரண்டு உலோகம். இரண்டும் நல்ல உலோகம்தான். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பூட்டினால் எது இளகியதோ அது கரையத் தொடங்கும் என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். நடுவே ஒரு ரப்பர் வேண்டும். அவளுக்கு அந்த ஆய்வுக்கூடம்தான் அந்த ரப்பர். அவளுடைய வேலை, அவளுடைய சிநேகிதிகள், அவள் வண்டியில் தனியாகப் போய்வரும் அந்தக் கோவில்பத்துச் சாலை. அதை எடுத்துவிட்டு உன்னோடு ஒட்டிவைக்க அவசரப்படாதே. மஸ்கட் இரண்டு வருஷம் என்கிறாய். அவள் லீவு போட்டு வந்துபோக முடியுமா, நீ முன்னால் போய் அவள் பின்னால் வரலாமா, உன் கம்பெனி உன்னைச் சென்னையில் வைத்துக்கொள்ளுமா, அங்கேயே அவள் படிப்புக்கு வேலை கிடைக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்றுமே முடியாமல் போய், இரண்டு பேரும் பேசி, வேலையை விடுவது என்று அவளே முடிவெடுத்தால் அதில் தலையிட நான் யார். ஆனால் நீ இதில் ஒன்றைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மல்லாந்து படுத்து அடியில் பார்க்காமல், எடுத்த எடுப்பில் பெரிய கட்டியைக் கேட்டுவிட்டாய்.

சண்டை வரும். வரட்டும். படகில் அலை அடித்து உடனே வடிந்துவிடும் இடம் அவ்வளவு சீக்கிரம் கெடாது, தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும் மூலைதான் கெடும். எனக்கும் உன் அப்பாவுக்கும் சண்டை வந்தால் அவர் மறுநாள் அல்வா வாங்கி வருவார். நான் வாங்கிக்கொள்வேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். துருவைச் சுரண்டாமல் மேலேயே பெயிண்ட் அடிப்பதற்கு அதைவிட இனிப்பான உதாரணம் கிடையாது. அந்தப் பள்ளிக்கூட வேலையைப் பற்றி நாங்கள் கடைசிவரை பேசவே இல்லை. நிறைய அல்வா தின்றோம். அவர் போன பிறகு எனக்கு வந்த அழுகையில் பாதி அவர் போனதற்கு, மீதி அதைப் பற்றி இனிமேல் யாரிடம் பேசுவது என்பதற்கு. நீ அல்வா வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முதலில் சுரண்டு. சுரண்டும்போது வலிக்கும், சத்தம் காதைக் கிழிக்கும், அதற்குப் பயந்தால் பெயிண்ட் நிற்காது.

இன்று காலை கடையை அடைத்துவிட்டுக் கோவில்பத்தில் கலைச்செல்வி வீட்டுக்குப் போனேன். நீ அனுப்பியதால் போகவில்லை, நானாகப் போனேன். சம்பந்தியம்மா காப்பி கொடுத்துவிட்டு, "தம்பி சொல்றதுலயும் ஞாயம் இருக்குங்களே, பொண்ணுதானே அனுசரிச்சுப் போவணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பாவம், என் மனதைக் குளிர வைக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் அனுசரித்துப் போனவள் இல்லை, என்னை அனுசரிக்க வைத்தார்கள் என்று ஆரம்பித்து, உனக்கு இங்கே எழுதிய எல்லாவற்றையும் தாய், மகள் இரண்டு பேரிடமும் சொன்னேன். உன் ஆசைப்படியே என் கதையைச் சொல்லிவிட்டேன் பார். நீ நினைத்தது போலவே அழுகையும் வந்தது, ஆனால் அழுதது சம்பந்தியம்மா. கலைச்செல்வி அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ராஜினாமா எழுத ஒக்காந்தேன் அத்த. கையி ஓடல. எழுதப்போறதில்லன்னு எனக்கே தெரிஞ்சிபோச்சு. ஆனா அவங்ககிட்ட எப்புடிச் சொல்றதுங்க? 'எங்க அம்மா செய்யலயா'ன்னு ஒரு வார்த்த கேட்டாங்கன்னா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

"அந்தப் பதிலு ஒங்கிட்ட இல்லம்மா, எங்கிட்ட இருக்கு. நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். கலைச்செல்வி வேலையை விடவில்லை. இதைக் கேட்டுக் கல்யாணம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் இப்போதே சொல், அவள் தாங்குவாள், நான் சிபாரிசுக்கு வரமாட்டேன். உனக்கு அப்படித் தோன்றாது என்றே நினைக்கிறேன். சேற்றில் மல்லாந்து படுத்தவன் இன்னும் உனக்குள் இருக்கிறான் என்று நம்புகிறேன், அவனைத்தான் நான் பெற்றேன்.

கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுவேன் என்றெல்லாம் நான் பயமுறுத்தமாட்டேன். வருவேன். உன் பெரியப்பா பின்வரிசையைக் காட்டுவார், நான் முன்வரிசையில் உட்காருவேன். பச்சைப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். நெற்றியும் கழுத்தும் மூளியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டுதான் நீ தாலி கட்ட வேண்டும். மறுபடி மைக்கைப் பிடித்து அம்மா கரைந்தாள் என்று ஆரம்பித்தாயானால் எழுந்து வந்து உன் கையிலிருந்து வாங்கி மீதிக் கதையை நானே சொல்லுவேன். வாங்குவேன் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஒன்று செய். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே அவளுக்குப் போன் போட்டு, 'உன் வேலையை வைத்துக்கொண்டு நாம் எப்படி இருப்பது' என்று கேள். உத்தரவாகச் சொல்லாதே, கேள்வியாகக் கேள்.

ஜிங்க் கட்டி வேண்டுமானால் என் கடைக்கு வா, எல்லா அளவிலும் இருக்கிறது, விலைக்குத் தருகிறேன். வீட்டுக்குள் தேடாதே.

அம்மா